ஓடைக் கரை ஊரின் பொதுச் சொத்து

கிராம வரைபடத்தை விரித்துப் பார்த்தால், வயல்களுக்கு நடுவே வளைந்து வளைந்து செல்லும் ஓடை தெளிவாகத் தெரியும். அதற்குத் தனிப் புல எண் உண்டு. அ-பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே புறம்போக்கு என்றும், ஓடை என்றும் எழுதியிருக்கும். ஆனால் நேரில் போய் நின்று பார்த்தால் பல ஊர்களில் வரைபடத்தில் இருக்கும் அகலம் நிலத்தில் இல்லை. ஒரு பக்கம் வரப்பு நகர்ந்து வந்திருக்கும். மறு பக்கம் சீமைக்கருவேல் அடைத்திருக்கும். ஊருக்கு அருகே வந்தால் குப்பை கொட்டும் இடமாகியிருக்கும். நகரத்தை ஒட்டிய ஊராக இருந்தால், மனைப்பிரிவுக்குப் பாதை போட அதே ஓடையை மண்ணடித்து மேடாக்கியிருப்பார்கள்.

ஓடையின் இரு கரையிலும் சும்மா கிடக்கும் நிலத்தை வீணான நிலம் என்று எண்ணுகிறோம். அது தவறான கணக்கு. அந்த நிலம் ஒன்றும் விளைவிக்காமல் கிடப்பதுபோல் தோன்றினாலும், அக்கம்பக்கத்து வயல்களுக்கும் கிணறுகளுக்கும் ஆண்டு முழுவதும் வேலை செய்துகொண்டே இருக்கிறது. அந்த வேலை என்ன, அந்த நிலத்தை ஊரே சேர்ந்து காப்பது எப்படி, அதையே எல்லோரும் உலாவி இளைப்பாறும் இடமாக ஆக்குவது எப்படி என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

கரை நிலம் செய்யும் வேலை

ஒரு ஏக்கரில் 5 செ.மீ. மழை பெய்தால் விழும் நீர் சுமார் 2 லட்சம் லிட்டர். மண் குடித்தது போக மீதி ஓடைக்குத்தான் வந்தாக வேண்டும். வரும்போது வெறுங்கையாக வருவதில்லை. வயலின் மேல் மண்ணையும், அதில் ஒட்டிய மணிச்சத்தையும், கரைந்த தழைச்சத்தையும், தெளித்த மருந்தின் மிச்சத்தையும் சேர்த்தே கொண்டு வருகிறது.

வயலுக்கும் ஓடைக்கும் இடையே புல்லும் புதரும் மரமும் நிறைந்த ஒரு பட்டை இருந்தால், நீரின் வேகம் அங்கே தணிகிறது. வேகம் தணிந்தால் மண் படிகிறது. மண்ணோடு மணிச்சத்தும் அங்கேயே நிற்கிறது. கரைந்து வரும் தழைச்சத்தில் ஒரு பகுதியை மர வேர்கள் எடுத்துக்கொள்கின்றன. கீழேயுள்ள ஏரியோ குளமோ தூர்ந்து போவதற்கும், நீரில் பாசி படர்வதற்கும் காரணம் பெரும்பாலும் மேலே இந்தப் பட்டை அழிந்ததுதான்.

இரண்டாவது வேலை, கரையைக் கட்டிப் பிடித்திருப்பது. வேர் இல்லாத கரை வெள்ளத்தில் கரையும். வேர் பின்னிய கரை நிற்கும்.

மூன்றாவது வேலை, கிணற்றுக்கு நீர் ஊட்டுவது. ஓடை அகலமாகவும் கரை மேடு பள்ளத்தோடு இயற்கையாகவும் இருக்கும்போது வெள்ளம் பரவி, நின்று, மண்ணில் இறங்குகிறது. ஓடையை ஒடுக்கினால் நீர் அடியைத் தோண்டிக்கொண்டு ஓடும். ஓடை ஆழமாக ஆழமாக, அருகிலுள்ள கிணறுகளின் ஊற்றும் ஓடையை நோக்கி வடிந்து கீழே இறங்கிவிடும்.

நான்காவது வேலை, பயிருக்குக் காவல். ஓடை மரத்தில் தங்கும் ஆந்தை இரவில் எலியைப் பிடிக்கிறது. தவளை, ஓணான், தட்டான், சிலந்தி ஆகியவை பூச்சிகளைத் தின்கின்றன. புங்கனும் நாவலும் பூக்கும்போது தேனீ பெருகுகிறது. எள், சூரியகாந்தி, முருங்கை, பூசணி ஆகியவற்றில் காய் பிடிப்புக்குத் தேனீ எவ்வளவு தேவை என்பது விவசாயிகளுக்குத் தெரிந்ததே.

இரண்டு மீட்டர் கணக்கு

ஓடையை ஒட்டி 100 மீட்டர் நீளம் நிலம் வைத்திருக்கும் ஒருவர், வரப்பை ஓடைப் பக்கம் 2 மீட்டர் தள்ளிப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குக் கிடைப்பது 200 சதுர மீட்டர். அதாவது சுமார் 5 சென்ட். எதிர்க் கரைக்காரரும் அவர் பங்குக்கு அதையே செய்கிறார். 8 மீட்டர் அகலம் இருந்த ஓடை 4 மீட்டராகிவிட்டது.

ஆனால் வானத்திலிருந்து வரும் வெள்ளம் பாதியாகக் குறையவில்லை. அதே வெள்ளம் பாதி அகலத்தில் போக வேண்டுமானால், நீரின் உயரம் இரு மடங்காக வேண்டும். அல்லது வேகம் இரு மடங்காக வேண்டும். உயரம் கூடினால் வரப்பைத் தாண்டி வயலுக்குள் புகும். வேகம் இரு மடங்கானால் மண்ணை அரிக்கும் சக்தி நான்கு மடங்காகும். எனவே ஒரு பெருமழையில் 5 சென்ட் போவதோடு, அதற்குப் பின்னால் இருக்கும் பட்டா நிலமும் சேர்ந்து சரிகிறது. தானாகச் சரியாவிட்டாலும், வளைவுக்குக் கீழே இருக்கும் வேறொரு சிறு விவசாயியின் நிலம் சரிகிறது. நீர் வழியை அடைத்தால் என்ன ஆகும் என்பதை 2015 டிசம்பரில் சென்னை நகரம் கண்டது. கிராமத்திலும் கணக்கு அதேதான், அளவுதான் சிறியது.

உலாவும் இடமும் ஊருக்குத் தேவை

நீர்க்கரையில் கூடி மகிழ்வது நமக்குப் புதிதல்ல. ஆடிப் பதினெட்டில் கட்டுச் சோற்றைக் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போகிறோம். காணும் பொங்கலன்று குடும்பத்தோடு நீர்நிலைகளை நாடுகிறோம். தென்பெண்ணைக் கரையில் தை மாதத்தில் ஆற்றுத் திருவிழா நடக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் எவருக்கும் தனிச் சொந்தமில்லாத ஒரு கரை வேண்டும். பிள்ளைகள் ஓடி விளையாடவும், முதியவர்கள் மாலையில் காற்று வாங்கவும், வேலை முடிந்து வரும் பெண்கள் நிழலில் சற்று உட்காரவும் இடம் இல்லாத ஊர்கள் பெருகி வருகின்றன. பணம் கொடுத்துப் பூங்கா அமைக்க ஊராட்சிக்கு வசதி இல்லை. ஆனால் ஓடைக் கரை ஏற்கெனவே இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் ஓடைக்கு இரு கரையிலும் 5 மீட்டர் காத்தால் ஒரு ஹெக்டேர், அதாவது சுமார் இரண்டரை ஏக்கர் பொது நிலம் கிடைக்கும். நிலம் வாங்கும் செலவு இல்லை.

காத்தவர்கள் கண்ட பலன்

செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் விவசாயிகள், தங்கள் ஏரியில் தங்கும் பறவைகளைப் பல தலைமுறைகளாகக் காத்து வருகிறார்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே, பறவைகளைச் சுடக்கூடாது என்று ஆங்கிலேயக் கலெக்டரிடம் எழுத்து மூலம் உறுதி பெற்றார்கள். இன்று அந்த ஏரி சரணாலயம். 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் நீர்நிலைகளின் பட்டியலிலும் சேர்ந்தது. பாசனமும் பறவையும் பார்வையாளரும் ஒரே ஏரியில் ஒத்துப்போக முடியும் என்பதற்கு இது சான்று.

சென்னையில் அடையாறு கழிமுகத்தை ஒட்டிக் குப்பை மேடாகிக் கிடந்த 58 ஏக்கரைச் சுத்தம் செய்து, நாட்டு மரங்களையும் நீர்ச் செடிகளையும் நட்டு, நடைபாதை அமைத்து, 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்தார்கள். கெட்டுப்போன நீர்க்கரையையும் மீட்க முடியும் என்பதை அது காட்டியது.

மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. குன்றுகளும் ஊற்றுகளும் ஏரிகளும் நிறைந்த இடம் அது. 2024-இல் அப்பகுதி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் சேர்க்கப்பட்டபோது, சுற்று வட்டார மக்கள் கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள், போராடினார்கள். சட்டமன்றமும் 2024 டிசம்பரில் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. கிராம சபைத் தீர்மானம் வெறும் காகிதம் என்று சொல்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

முதலில் அளந்து கொள்ளுங்கள்

எந்தக் காப்பு வேலைக்கும் முதல் படி எல்லையை அறிவதே. கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடம், அ-பதிவேடு, புலப்பட நூல் ஆகியவற்றைப் பார்க்கலாம். அ-பதிவேட்டு விவரத்தை அரசின் மின் சேவை இணையதளத்திலும் காணலாம். ஓடையின் புல எண், பரப்பு, ஒவ்வொரு வளைவிலும் உள்ள அகலம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கிராம சபையில் கீழ்க்கண்டவாறு தீர்மானம் நிறைவேற்றுங்கள்.

1. இன்ன புல எண் ஓடையை அளந்து எல்லைக் கல் நட வேண்டும்.

2. ஓடைக் கரையை வேறு எந்த உபயோகத்துக்கும் மாற்றக் கூடாது. குப்பை கொட்டக் கூடாது.

3. மரம் நடவும், நடைபாதை அமைக்கவும், பராமரிக்கவும் ஊர்க் குழு ஒன்று அமைக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. இவற்றில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். கூட்டத்துக்கு முன்பே மனுவை எழுதிக் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டதா என்று பார்த்து, நகல் பெற்றுத் தாசில்தாருக்கு அனுப்ப வேண்டும்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி புறம்போக்கு ஆக்கிரமிப்பை அகற்றலாம். ஏரிகளுக்கென்று 2007-இல் தனிச் சட்டம் வந்தது. ஜக்பால் சிங் வழக்கில் 2011 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம், ஊர்ப் பொது நிலங்களில் உள்ள சட்டவிரோத ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. அந்த வழக்கு ஒரு கிராமக் குளத்தைப் பற்றியது.

கரையில் பயிர் வைத்திருப்பவர்

இங்கேதான் ஊரில் மனவருத்தம் வருகிறது. ஓடைக் கரையில் கால் ஏக்கர் பயிர் செய்பவர் பல இடங்களில் நிலமில்லாத ஏழையாகவோ, ஒரு ஏக்கருக்கும் குறைவாக வைத்திருப்பவராகவோ இருக்கிறார். மேலே பத்து ஏக்கர்காரர் தள்ளிய வரப்பை விட்டுவிட்டு, கீழே இருக்கும் இவரை மட்டும் வெளியேற்றினால் அது நியாயமாகாது. எல்லைக் கல் மேலிருந்து கீழ்வரை எல்லோருக்கும் ஒரே நாளில் நடப்பட வேண்டும். நிற்கும் பயிரை அழிக்காமல், அறுவடை முடியும்வரை பொறுக்க வேண்டும். நிலமற்றவருக்கு வேறு இடத்தில் நிலமோ வீட்டுமனையோ கேட்டு அதே கிராம சபையில் தீர்மானம் போட வேண்டும்.

அதேபோல், பயிர் செய்பவரும் ஒரு உண்மையை அறிந்துகொள்ள வேண்டும். "பி மெமோ கொடுத்திருக்கிறார்கள், தண்டத் தீர்வை கட்டி வருகிறேன், என்றாவது பட்டா கிடைக்கும்" என்று பலர் நம்பிக் காத்திருக்கிறார்கள். பி மெமோ என்பது ஆக்கிரமிப்புக்குப் போடும் தண்டமே தவிர, உரிமைச் சீட்டு அல்ல. நீர் வழி நிலங்கள் ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு. அதற்குப் பட்டா வழங்கும் வழக்கமில்லை. இதை நம்பிக் கடன் வாங்கிப் போர் போடுவதும், தென்னை வைப்பதும் நஷ்டத்தில் முடியும்.

கரையில் மரம் வளர்த்து அதன் பலனை அனுபவிக்க 2 சி பட்டா என்ற முறை உள்ளது. அது மரத்தின் பலனுக்கு மட்டுமே; நிலத்துக்கு உரிமை தராது. இதுவரை பயிர் செய்துவந்த ஏழைகளுக்குப் புங்கன், இலுப்பை, பனை ஆகியவற்றின் பலனில் முதல் பங்கு கொடுப்பது நல்ல ஏற்பாடு. வெளியேற்றப்பட்டவரே காவலராக மாறினால் மரம் பிழைக்கும்.

மூன்று அடுக்கு நடவு

முதல் அடுக்கு, நீர் விளிம்பு. இங்கே வெட்டிவேர், தாழை, நொச்சி ஏற்றவை. வெட்டிவேர் தூரைப் பிரித்து, தழையை ஒரு சாண் உயரத்துக்கு வெட்டி, 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் சரிவுக்குக் குறுக்கே வரிசையாக நட வேண்டும். சரிவின் போக்கிலேயே நட்டால் பயனில்லை. நொச்சியைப் போத்து வெட்டி நடலாம்.

இரண்டாவது அடுக்கு, கரைச் சரிவும் மேடும். நீர்மருது, நாவல், புங்கன், இலுப்பை, மூங்கில் ஆகியவற்றை 5 மீட்டர் இடைவெளியில் நடலாம். ஒரு கரைக்கு ஒரு வரிசை என்றால் ஒரு கிலோமீட்டருக்கு இரு கரையிலும் 400 மரங்கள் தேவை. இரண்டு அடி நீள, அகல, ஆழக் குழி எடுத்து, மேல் மண்ணுடன் 5 கிலோ மக்கிய தொழு உரம் கலந்து நிரப்புங்கள். களர் மண்ணில் புங்கனும் நாட்டுக் கருவேலும் தாங்கும். நாவல் விதை விரைவில் முளைப்புத் திறனை இழக்கும். பழம் தின்ற சில நாட்களுக்குள் விதைத்துவிட வேண்டும். கரையின் மேல் விளிம்பில் பனை விதையை 10 அடிக்கு ஒன்றாகப் புரட்டாசியில் ஊன்றலாம்.

மூன்றாவது அடுக்கு, வயலை ஒட்டிய புல் பட்டை. கொழுக்கட்டைப் புல், அருகம்புல் போன்றவை மண்ணை வடிகட்டும். மாட்டுக்குத் தீவனமும் ஆகும். பட்டா நிலமே ஓடைவரை இருந்தால், விவசாயி தன் பங்குக்கு இரண்டு மீட்டர் புல் பட்டை விடலாம். தீவனம் கிடைப்பதால் அந்த இடம் வீணாகாது.

ஓடையின் நடுவில், நீர் ஓடும் பாதையில், எந்த மரமும் வைக்கக் கூடாது. தைல மரமும் இந்த இடத்துக்கு ஏற்றதன்று.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது நடவை முடித்தால் செலவு குறையும். முதல் இரண்டு கோடைக்கு வாரம் ஒரு முறை குடத்தில் தண்ணீர் ஊற்ற ஏற்பாடு வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாமல் 400 மரம் நடுவதைவிட, ஏற்பாட்டோடு 100 மரம் நடுவது மேல்.

சீமைக்கருவேல்

இதை வேரோடு எடுக்க வேண்டும். வெட்டி விட்டால் மீண்டும் துளிர்க்கும். ஆனால் இயந்திரத்தை விட்டு இரு கரையையும் ஒரே நாளில் மொட்டையடிப்பது ஆபத்து. மழைக்கு முன் வெறுங்கரையாக நின்றால் முதல் வெள்ளத்திலேயே கரை சரியும். கோடையில் ஒரு கரையை எடுத்து, அங்கே வெட்டிவேரும் மரமும் வேர் பிடித்த பிறகு மறு கரைக்குச் செல்லுங்கள். கரை அரிக்கும் வளைவுகளைக் கடைசியாக எடுங்கள்.

"மரம் வைத்தால் மயிலும் பன்றியும் வந்து தங்குமே" என்று விவசாயிகள் கேட்பது நியாயமான கேள்வி. இவை ஒளிந்துகொள்ள விரும்புவது அடர்ந்த முட்புதரை. சீமைக்கருவேல் அடர்த்தியை நீக்கி, உயர்ந்த தண்டுள்ள மரங்களை வைத்து, ஆட்கள் நடமாடும் பாதையும் இருந்தால் ஒளிவிடம் குறையும். தொல்லை முற்றிலும் தீராது. ஆனால் இப்போதுள்ள முட்காட்டைவிட நிலைமை மோசமாகாது.

மேய்ச்சலும் நடைபாதையும்

ஆடு வைத்திருப்பவர்களைக் கேட்காமல் வேலி போட்டால் அந்த வேலி ஒரு மாதம்கூட நிற்காது. கரையை மூன்று பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியில் மட்டும் நடவு செய்து, இரண்டு ஆண்டுகள் ஆடு விடாமல் காக்க வேண்டும். மற்ற இரண்டும் மேய்ச்சலுக்கு இருக்கட்டும். காத்த பகுதியிலிருந்து புல்லை அறுத்துக்கொண்டு போக ஆட்டுக்காரர்களுக்கு உரிமை கொடுங்கள். கால்நடை நீர் குடிக்க இறங்கும் துறையை ஓரிடத்தில் கல் பதித்து அமைத்தால், மற்ற இடங்களில் கரை மிதிபடாது.

நடைபாதை 5 அடி அகலம் இருந்தால் போதும். சிமெண்டு வேண்டாம், மண் பாதையே நீரை உறிஞ்சும், காலுக்கும் இதம். பாதை ஒரு கரையில் மட்டும் இருக்கட்டும். மறு கரை பறவைக்கும் மற்ற உயிர்களுக்கும் உரியது. நிழல் தரும் மரத்தடியில் கல் பலகை போடலாம். பாதையோரப் புல்லை அவ்வப்போது அறுத்து வைத்தால் பாம்புப் பயம் குறையும். மது பாட்டில்களை உடைத்துப் போடுவதை ஊர்க் கட்டுப்பாட்டால் நிறுத்த வேண்டும். அந்தக் கண்ணாடி மனிதர் காலையும் மாட்டுக் குளம்பையும் கிழிக்கிறது. விசைத் தெளிப்பானை ஓடையில் கழுவுவதும், காலி மருந்துப் புட்டிகளைக் கரையில் வீசுவதும் அறவே கூடாது.

மாத வாரியாகச் செய்ய வேண்டியவை

தை, மாசி: பதிவேடுகளைப் பார்த்து, புல எண்ணும் பரப்பும் குறித்தல்.

பங்குனி: மார்ச் 22 கிராம சபையில் தீர்மானம், அளவைக்கு விண்ணப்பம்.

சித்திரை முதல் ஆனி வரை: எல்லைக் கல், ஒரு கரையில் சீமைக்கருவேல் அகற்றல், குழி எடுத்தல், நாவல் பழம் கிடைக்கும்போது விதைத்து நாற்று விடுதல்.

ஆடி, ஆவணி: வெட்டிவேர் நாற்றும் மரக்கன்றும் சேகரித்தல், குப்பை அகற்றல்.

புரட்டாசி, ஐப்பசி: பனை விதை ஊன்றல், மழையோடு நடவு.

கார்த்திகை, மார்கழி: போக்கிடம் நிரப்புதல், பாதை அமைத்தல்.

ஓடைக் கரை ஒருவருக்குச் சொந்தமானால் மற்றவர்கள் அனைவரும் இழக்கிறார்கள். ஊருக்குச் சொந்தமாக இருந்தால், ஒட்டியுள்ள வயல் நிலைக்கிறது, கிணறு ஊறுகிறது, நிலமே இல்லாதவருக்கும் புல்லும் நிழலும் கிடைக்கிறது. மனைப்பிரிவுக்காரர் வந்து அளந்து பார்ப்பதற்கு முன், ஊர்க்காரர்கள் நீங்கள் அளந்து கல் நட்டுவிடுங்கள். இந்த ஆண்டு ஒரு ஃபர்லாங் தூரம் காத்தாலும் போதும். பலனைக் கண்ட பிறகு அடுத்த ஊர்க்காரர் தாமே தொடர்வார்.